சத்தத்தைக் கேட்டு எடுத்த கேம் ஷாப்ட்

பட்டறைத் தம்பிகளுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேனாவையும் ஸ்பானர் மாதிரியே இறுக்கிப் பிடிக்கிறேன், தாள் கிழிந்துவிடுகிறது. படிக்க முடியாத இடத்தில் ஊகித்துக்கொள்ளுங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் வீட்டுக்கு வந்து கேளுங்கள். நேரில் பேசுவது எனக்கு எழுதுவதைவிடக் கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாருங்கள்.

இடுப்பு வலியால் நான் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. கடைசி நாள் நீங்கள் சால்வை போர்த்திவிட்டு, "மேஸ்திரி, ரேஸ் இன்ஜினுக்கு கேம் ஷாப்ட் எப்படிப் பாத்து எடுக்கணும்னு மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. அளவுகளும் கணக்குகளும் இப்போது புத்தகத்திலேயே கிடைக்கின்றன. அதை எழுத நான் தேவையில்லை. என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு தப்பும், அதைத் திருத்திக்கொள்ள எனக்கு இடம் கொடுத்த மூன்று பேரும்தான். அதைச் சொல்கிறேன்.

இது 2004-ல் நடந்தது. அப்போது நமது அண்ணாச்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விஸ்வநத்தம் பக்கம் அவர் அப்பா ஆரம்பித்த பட்டாசுக் கம்பெனியை இவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் எனக்கு அண்ணாச்சிதான். கம்பெனியின் லோடு வண்டிகளைப் பராமரிப்பது என் வேலை. பொறி பறக்கிற வேலை எதையும் கம்பெனிப் பக்கம் செய்யக்கூடாது என்பதால் பட்டறை அப்போதே விருதுநகர் ரோட்டில் தனியாக இருந்தது. கம்பெனி வாசலுக்குள் போகிற ஒவ்வொரு வண்டியின் சைலன்சர் வாயிலும் பொறி தடுக்கும் வலையை மாட்டி, கையால் இழுத்துப் பார்ப்பது என் முதல் கடமை. பெரிய இன்ஜின் வித்தை எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். வண்டி வாசலில் திரும்பும்போதே, "மூணாவது சிலிண்டர்ல வால்வு இடிக்குது" என்று உள்ளே இருந்து சொல்வேன். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதில் எனக்கு உள்ளுக்குள் கர்வம் உண்டு. வெளியில் காட்டத் தெரியாததால் என்னை அடக்கமானவன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சிக்குக் கார் பந்தயத்தின் மேல் ஆசை. பழைய நாலு சிலிண்டர் கார் ஒன்றை வாங்கிப் பந்தயத்துக்காகத் தயார் செய்யச் சொன்னார். ஓட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பாண்டியை. பாண்டி அச்சங்குளத்துக்காரன், எங்கள் லோடு வண்டி டிரைவர். அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் பட்டாசு வேலை. ஒரு நாள் அவன் வண்டியில் அண்ணாச்சி சாத்தூர் போய் வந்தார். இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி, இந்தப் பய ஒரு எடத்துலகூட வேகமாப் போன மாதிரியே தெரியல. ஆனா கால் மணி நேரம் முன்னாடியே வந்துட்டான். அது எப்படி?"

"வளைவுல அவன் பிரேக்க மிதிக்கிறதில்ல அண்ணாச்சி. முன்னாடியே காலெடுத்துருவான்" என்றேன். அன்றைக்கு நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

இரண்டு வருடம் கோயம்புத்தூர் பந்தயங்களில் பாண்டி ஓட்டினான். ஐந்தாவது, ஆறாவது என்று வந்தான். லோடு வண்டி வேலையும் பார்த்துக்கொண்டே இதையும் செய்தான். 2004 தீபாவளி சீசன் முடிந்த கையோடு அண்ணாச்சியின் அப்பா ஒரு முடிவைச் சொல்லிவிட்டார். கார்த்திகையில் வருகிற பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் காரை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். கார் போனால் அண்ணாச்சிக்கு ஒரு பொழுதுபோக்கு போகும். பாண்டிக்கு அப்படி இல்லை. மறுபடி லோடு வண்டி மட்டும்தான். "அண்ணே, அந்தக் கார்ல உக்காந்தாத்தான் நான் எதுக்குப் பெறந்தேன்னு தெரியுது" என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தான்.

இன்ஜினில் மற்ற எல்லாம் செய்து முடித்தாயிற்று. கேம் ஷாப்ட் ஒன்றுதான் பாக்கி. வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிற தண்டு அதுதான். வெகுநேரம் திறந்து வைக்கிற தண்டைப் போட்டால் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது நன்றாக மூச்சு வாங்கும், மெதுவாகச் சுற்றும்போது மூச்சு முட்டும். நடுத்தரமான தண்டைப் போட்டால் உச்சியில் கொஞ்சம் குறையும், நடுவில் நன்றாக இழுக்கும். முதலாவதைப் பெரிய கேம் என்றும் இதைச் சின்ன கேம் என்றும் சொல்வோம்.

கோயம்புத்தூரில் கேம் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை ஓர் அம்மா நடத்திவந்தார். அண்ணாச்சி என்னை அங்கே அனுப்பினார். இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வாங்கிவரச் சொன்னார், மாட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று. அந்த அம்மா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"ஏனுங்க, வண்டி எந்த வளைவுல, இன்ஜின் நிமிசத்துக்கு எத்தன சுத்து சுத்தறப்ப வெளிய வருதுன்னு தெரியுங்களா?"

"தெரியாதும்மா."

"கியர் மாத்துனா எத்தன சுத்துக்கு எறங்குதுங்க?"

"அதுவும்..." என்று இழுத்தேன்.

"அப்புறம் எப்படிங்க கேம் எடுக்கறது? ஆள அளக்காம சட்டை தைக்கச் சொல்றீங்களே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டார். வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, எந்த கியர், எத்தனை சுற்று. "ரெண்டையும் கொண்டுட்டுப் போங்க. டிரைவரப் பக்கத்துல வெச்சு இத நிரப்புங்க. நிரப்புனீங்கன்னா எத மாட்டறதுன்னு தாளே சொல்லிப்போடும். நிரப்பாம மாட்டாதீங்க."

சரி என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஊருக்கு வந்ததும் சின்ன கேமைச் சுற்றியிருந்த எண்ணெய்த் தாளுக்குள் அதைச் செருகிவிட்டேன். நிரப்பவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எழுதுவதற்கு வெட்கம். பாண்டி எட்டாவது படித்தவன். அவன் முன்னால் பென்சிலைப் பிடித்துத் தடுமாற நான் தயாராக இல்லை. அவனையே எழுதச் சொல்லியிருக்கலாம். அதற்கும் என் மானம் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் வெடியை எப்படிப் பாஸ் பண்ணுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்துக் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் வைத்துக் கொளுத்துவார்கள். அண்ணாச்சி அணுகுண்டு வெடியைப் பார்க்க மாட்டார். முதுகைத் திருப்பிக்கொண்டு, தலையைக் குனிந்து, சத்தத்தை மட்டும் கேட்பார். சத்தம் நெஞ்சில் விழுந்தால் பாஸ், காதோடு நின்றுவிட்டால் இல்லை. பிறந்ததிலிருந்து அதுதான் எங்களுக்குத் தெரிந்த பரீட்சை.

முதலில் சின்ன கேமை மாட்டினேன். வால்வும் பிஸ்டனும் இடிக்கவில்லை என்று களிமண் வைத்துச் சரிபார்த்து ஸ்டார்ட் செய்தேன். சீசன் முடிந்து சும்மா இருந்த நேரம். அண்ணாச்சியின் அச்சாபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இன்ஜின் சீராக ஓடியது.

"என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுத் தையல் மெஷினக் கொண்டாந்து வச்சிருக்கீகளா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் பெரிய கேமை மாட்டினேன். ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்திலேயே கார் குலுங்கியது. தட் தட் தடால் என்று ஒரு நடை. பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்ச் சாரி டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு ஓடிவந்தார்கள். அண்ணாச்சி முதுகைத் திருப்பிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நான் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தேன். அவர் திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இதுதான்யா சரக்கு! பாஸ்!"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் அண்ணாச்சியைக் குறை சொல்லவில்லை, தம்பிகளே. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற தனிப் பாதையில் அனுமதி வாங்கி ஓட்டிப் பார்த்தோம். நேரான பாதை. கார் பறந்தது. அண்ணாச்சி இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் ஜீப்பில் ஏறிப் போனதும் பாண்டி என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, ஏழாயிரத்துக்கு மேல போனா சும்மா பறக்குது. கீழ செத்துக் கெடக்கு. வளைவுல திரும்பி வந்தா எந்திரிக்காது போலருக்கு. ரெண்டாவதுலருந்து மூணாவது போட்டாலும் அந்தக் குழிக்குள்ள விழுந்துருது."

"அப்படியா?"

"அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்றீகளா? நான் சொன்னா, ஓட்டத் தெரியாத பய சாக்குச் சொல்றான்னு நெனப்பாக."

"சொல்றேன்லே."

சொல்லவில்லை. அத்தனை பேர் கைதட்டிய ஒன்றை, அண்ணாச்சி பாஸ் பண்ணிய ஒன்றை, தப்பு என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது? நாளை சொல்லலாம் என்று இருந்தேன். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. ஆனால் சின்ன கேமை எண்ணெய்த் தாளோடு கருவிப் பெட்டியில் போட்டுக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனேன். வாய்க்குத் தைரியம் வராவிட்டாலும் கைக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை பயிற்சி ஓட்டம். ஞாயிறு காலை தகுதிச் சுற்று, பிற்பகல் பந்தயம். பயிற்சியில் பாண்டி வந்த நேரத்தைப் பார்த்ததும் அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. பழைய கேமோடு போன வருடம் வந்ததைவிட மோசம். நேர்ப் பாதையில் மற்றவர்களைத் துரத்திப் பிடிக்கிறான், அடுத்த வளைவு முடிந்து வெளியே வரும்போது மூன்று கார்கள் அவனைத் தாண்டிவிடுகின்றன. தூரத்தில் இருந்து கேட்டால் எங்கள் கார்தான் எல்லாரையும்விடப் பெரிதாகக் கர்ஜித்தது. கர்ஜித்துக்கொண்டே பின்னால் போனது.

கார் எங்கள் கொட்டகைக்குள் வந்து நின்றது. பாண்டி இறங்கவில்லை. ஹெல்மெட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி என்னைக் காரின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"மேஸ்திரி, இன்ஜின்ல ஏதும் கோளாறா?"

"கோளாறு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி." அது உண்மைதான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

"அப்ப டிரைவருதான். இம்புட்டு நல்ல இன்ஜினக் குடுத்தும் இப்படி ஓட்டுறான். கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரு, நல்ல டிரைவரு, அவரு வண்டி காலையில ஒடஞ்சு போச்சாம். சும்மாதான் நிக்காரு. பன்னெண்டு மணிக்குள்ள ஆபீஸ்ல பேர மாத்திக் குடுத்துட்டா அவரே ஓட்டலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "வண்டி சரியில்ல, இழுக்கல, அப்படி இப்படின்னு பாண்டி முன்னாடியே உங்ககிட்ட ஏதும் சொன்னானா?"

இந்த இடத்தில்தான் தம்பிகளே, நான் உங்களிடம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நெருக்கடி என்றால் இன்ஜின் வெடிப்பது, பெட்ரோல் பற்றிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். அது இல்லை. ஒருவர் மெதுவான குரலில் ஒரு கேள்வி கேட்பார். ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். அதுதான் நெருக்கடி.

"இல்ல அண்ணாச்சி. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தக் கோயம்புத்தூர் டிரைவரைத் தேடிப் போனார்.

ஏதாவது செய்வதுபோல் இருக்க வேண்டும் என்று கருவிப் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்த் தாளுக்குள் அந்த அம்மா கட்டம் போட்டுக் கொடுத்த தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தாளையும் குறி போடுகிற பென்சிலையும் எடுத்துக்கொண்டு காரின் மறுபக்கக் கதவைத் திறந்து பாண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பந்தயக் காரில் இரண்டாவது இருக்கை கிடையாது.

"ஏலே பாண்டி, ஒவ்வொரு வளைவாச் சொல்லு. எந்த கியர்ல வார, எத்தன சுத்துல வெளிய வார."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தொடங்கினான். இடது கை கியரை மாற்றியது, கால்கள் மிதித்தன.

"மொத வளைவு மூணாவது. ஐயாயிரத்து நூறு. எழுதிட்டீகளாண்ணே?"

"இரு... ம்."

"அடுத்தது ரெண்டாவது. நாலாயிரத்து எறநூறு. அங்கனதான் கடல்ல இறங்குன மாதிரி இருக்கு. அடுத்தது..."

என் எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. அவன் ஒவ்வொரு வளைவிலும் எனக்காக நின்று காத்திருந்தான். கடைசி வரி முடிந்ததும் நான் கூட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பாதிக்கு மேல் ஐயாயிரத்துக்குக் கீழே. எங்கள் பெரிய கேம் கண் விழிப்பதே ஆறாயிரத்தில். இரண்டாவது கியரில் உச்சிக்குப் போய் மூன்றாவது போட்டால் சுற்று ஐயாயிரத்து முன்னூறுக்கு இறங்குகிறது. அதாவது அந்த கியர் பெட்டியோடு அந்த கேம் எந்த ஜென்மத்திலும் ஒத்துப்போகாது. பாண்டி எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் ஒத்துப்போகாது.

அண்ணாச்சி டீக்கடைப் பக்கம் நின்று அந்த டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கமாக அவர் கூப்பிடும்வரை நிற்பேன். அன்றைக்கு நிற்கவில்லை.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாங்க."

"என்ன மேஸ்திரி, பேர் மாத்துற ஃபாரமா? இதோ வாரேன்."

"பேர மாத்த வேண்டாம் அண்ணாச்சி. கேம மாத்தணும்."

அவருக்குப் புரியவில்லை. தள்ளி வந்தார். தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இது நாலா ஒம்பதா?"

"நாலு அண்ணாச்சி. நாலாயிரத்து எறநூறு."

"நீங்களா எழுதுனீக?"

"ஆமா." பிறகு மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். "பாண்டி சொன்னான் அண்ணாச்சி. ஆலங்குளத்துலயே சொன்னான். உங்ககிட்ட சொல்லச் சொன்னான். நாந்தான் சொல்லல. சித்த முன்னாடி நீங்க கேட்டதுக்கும் பொய் சொல்லிட்டேன். தப்பு டிரைவர்கிட்ட இல்ல. எங்கிட்டதான்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். போனாலும் பரவாயில்லை, பன்னிரண்டு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, அதற்குள் இவர் முடிவு சொன்னால் போதும் என்றிருந்தது.

"ஏன் மேஸ்திரி," என்றார் மெதுவாக. "நம்ம கம்பெனியில சங்கு சக்கரத்த எப்படிப் பாஸ் பண்ணுவோம்? சத்தத்தக் கேட்டா?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன?"

"எம்புட்டு நேரம் நிக்காம சுத்துதுன்னு பாப்போம்."

"கார் அணுகுண்டா, சக்கரமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கோயம்புத்தூர் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"தொழில் தெரிஞ்ச பயலுக அம்புட்டுப் பேரும் நின்னு கைதட்டுனோமே! ஒருத்தனுக்கும் ஒறைக்கலியே! தையல் மெஷின்னு சிரிச்சாரே, அந்த அச்சாபீஸ்காரர மொதல்ல இங்க கூப்பிட்டு வந்து நிறுத்தணும்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பொய் சொன்னத அப்புறம் பேசிக்கிடுவோம். இப்ப எம்புட்டு நேரம் ஆகும்?"

"பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"முடிங்க."

அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடமும் பேசவில்லை, எனக்குத் தெரிந்து வேறு யாரிடமும் பேசவில்லை. ஒரு முதலாளி தொழிலாளிக்குச் செய்யக்கூடிய உபகாரங்களில் இது ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

கேம் மாற்றிய கதை உங்களுக்குத் தேவையில்லை. முன்பே ஒரு தடவை மாட்டி அளவு பார்த்திருந்ததால் பயமில்லாமல் செய்ய முடிந்தது. பட்டறையில் செய்யாத எதையும் பந்தயத் தடத்தில் முதல் தடவையாகச் செய்யாதீர்கள், அவ்வளவுதான். ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தபோது பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், எங்கள் கர்ஜனை எங்கே போயிற்று என்று. பாண்டி மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "தையல் மெஷினு வந்துருச்சு" என்றான்.

ஞாயிறு காலைத் தகுதிச் சுற்றில் ஏழாவது இடம். பிற்பகல் பந்தயத்தில் நேர்ப் பாதையில் எங்கள் கார் யாரையும் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலிருந்தும் முந்தி எழுந்து வந்தது. ஆறாவது, ஐந்தாவது, நாலாவது. கடைசி இரண்டு சுற்றும் மூன்றாவது காரின் பம்பரை ஒட்டியே ஓட்டினான். அண்ணாச்சி என் தோளைப் பிடித்திருந்த பிடியில் தோள் இரண்டு நாள் வலித்தது. கடைசி வளைவிலிருந்து இரண்டும் சேர்ந்தே வெளியே வந்தன. பிறகு அந்த நேர்ப் பாதை. நாலாவதாகத்தான் முடித்தான்.

பெரிய கேமாக இருந்திருந்தால் அந்த நேர்ப் பாதையில் அவன் ஜெயித்திருப்பானே என்று யாராவது கேட்கலாம். அந்த நேர்ப் பாதைக்கு அவன் நாலாவதாக வந்தே இருக்க மாட்டான். கேம் எடுப்பதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உச்சியில் எவ்வளவு பலம் என்று கேட்காதீர்கள். வண்டி எங்கே வெகுநேரம் இருக்கிறது என்று கேளுங்கள். வண்டியின் எடை, கியர், மிக மெதுவான வளைவு, இதெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக கேமை எடுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டில் சின்னதை எடுங்கள். சத்தம் இன்ஜினில் என்ன கெட்டிருக்கிறது என்று சொல்லும். என்ன போட வேண்டும் என்று சொல்லாது. டிரைவர் ஒன்று சொன்னால் அன்றைக்கே எழுதிவையுங்கள், அன்றைக்கே மேலே சொல்லுங்கள்.

அண்ணாச்சி அப்பாவிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். தை பிறப்பதற்குள் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் கோயம்புத்தூரில் பந்தயக் கார்கள் வைத்திருப்பவர். அன்று பந்தயத்தைப் பார்த்திருந்தார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காரு சுமாருதானுங்க. ஓட்டுன தம்பி யாரு?" என்று கேட்டார். பாண்டி காரோடு போனான். மூன்று வருடம் அவரிடம் ஓட்டினான். இப்போது அங்கேயே புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து, எங்கே இழுக்கிறது, எங்கே இழுக்கவில்லை என்று சொல்கிற வேலை. அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். லோடு வண்டிக்கு அவன் திரும்பி வரவில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்கு வருவான். "நீங்க மட்டும் அன்னைக்குப் போய்ப் பேசலைன்னா, அண்ணே..." என்று ஆரம்பிப்பான். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைப்பாள். அவன் நன்றி சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே குறுகும். நான் போய்ப் பேசியது அவனுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நான் சொன்ன 'இல்ல அண்ணாச்சி' அவனுக்குத் தெரியாதே என்று இருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தான். வேலையை விட்டுவிட்டேன், இடுப்பு போய்விட்டது, இனி எதைக் கட்டிக் காக்க என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அண்ணாச்சி கேட்டதையும் நான் பொய் சொன்னதையும், ஒன்றுவிடாமல்.

பாண்டி கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னான்.

"தெரியும்ணே."

"யாரு சொன்னா? அண்ணாச்சியா?"

"யாரும் சொல்லல. நான் காருக்குள்ளதான இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் டிக்கிகிட்ட நின்னு பேசுனீக. பின்னாடி கண்ணாடியே கெடையாதே அந்தக் காருக்கு. அம்புட்டும் கேட்டுச்சு."

அப்படியென்றால் நான் தாளை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வளைவாக, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னான்.

"ஏம்லே அப்பவே என்னச் சட்டையப் பிடிச்சுக் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன்." சிரித்தான். "ஹெல்மெட்டக் கழட்டுனா உங்க மொகத்தப் பாக்கணும். பாத்தா ஏதாச்சும் பேசிருவேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கழட்டுவோம்னு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள நீங்க பென்சிலத் தூக்கிட்டு வந்துட்டீக."

இன்னொரு துண்டு கரும்பை ஒடித்து என் கையில் கொடுத்தான்.

இதை எழுதி முடித்தது 2009-ம் வருடம், தை மாதம் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.